என்ன கணக்கு?

கேள்வி: ஆசிரியர் ஐயா, கால்பந்து பற்றி எப்போது எழுதினாலும் டெர்பி கவுன்டியைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். 2021-22 சீசனில் இங்கிலாந்தின் இரண்டாம் தர லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட அணி அது. 24 அணிகளில் 23ஆவது இடம், வெறும் 34 புள்ளி. இது என்ன கணக்கு? போகட்டும், அப்போது அங்கே இருந்த வெய்ன் ரூனி நல்ல பயிற்சியாளரா, அதை மட்டும் சொல்லுங்கள்.

பதில்: ரூனிக்குக் கடைசியில் வருகிறேன். ‘என்ன கணக்கு’ என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த வார்த்தைக்காகத்தான் உங்கள் கடிதத்தைக் கையில் எடுத்தேன்.

நம் மொழியில் கணக்கு என்ற சொல் பார்க்காத வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் அது பாடம், மளிகைக் கடையில் அது பாக்கி, பகையாளிகளுக்கு நடுவே அது தீர்க்க வேண்டிய பழி. குழம்பில் உப்பு சரியாக விழுந்தால் ‘கணக்கா இருக்கு’ என்கிறோம். ஏமாந்து நிற்பவனைத் தப்புக்கணக்குப் போட்டான் என்கிறோம். டெர்பியின் அந்த ஒரு சீசனைச் சொல்லி முடிக்க எனக்கு இத்தனை கணக்கும் வேண்டும்.

முதலில் பாடக் கணக்கு. 46 ஆட்டம். 14 வெற்றி, 13 டிரா, 19 தோல்வி. வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று. கூட்டுங்கள், 55 வரும். நீங்கள் பட்டியலில் பார்த்தது 34. நடுவில் காணாமல் போன 21 புள்ளிகளை எந்த எதிரணியும் பறிக்கவில்லை, லீக் நிர்வாகம் கழித்தது. 55 புள்ளி நின்றிருந்தால் டெர்பி 17ஆவது இடத்தில் இருந்திருக்கும். கார்டிஃப், ஹல், பர்மிங்காம் மூன்றும் அதற்குக் கீழே. அந்தப் பையன்களைத் தோற்றவர்கள் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது, நீங்கள் சொன்னாலும்தான்.

அப்புறம் உங்கள் கடிதத்தில் இருக்கும் வேறு இரண்டு சொற்கள். ‘இரண்டாம் தர’, ‘வெளியேற்றப்பட்ட’. இவற்றோடு நான் சண்டை போட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது, இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். இரண்டாம் தரம் என்று எழுதினால் படிப்பவர் மனதில் சொத்தைக் கத்தரிக்காய்தான் வரும். ஒரு வீட்டுக்கு இரண்டு மாடி இருந்தால் கீழ் மாடியில் குடியிருப்பவரை மட்டமானவர் என்றா சொல்வோம்? இரண்டாம் அடுக்கு என்று எழுதுங்கள். ‘வெளியேற்றம்’ அதைவிடத் தவறு. சீசன் முடிவில் கடைசி மூன்று இடங்களில் இருப்பவர்கள் ஒரு படி இறங்குகிறார்கள், நன்றாக ஆடினால் அடுத்த வருடமே ஏறி வரலாம். அது கீழிறக்கம். உண்மையான வெளியேற்றம் என்றால் என்னவென்று 2019 ஆகஸ்டில் பெரி என்ற சின்ன ஊர் பார்த்தது. 1885இல் தொடங்கிய கிளப். பணப் பிரச்சினை தீராததால் லீக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். சனிக்கிழமை மதியம் ஊர்க்காரர்கள் போவதற்கு இடமில்லாமல் போயிற்று. அந்தத் துயரத்துக்கென்று ஒரு சொல்லை விட்டுவையுங்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு நம்மவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, இங்கிலாந்துக்காரர்கள் செய்ததும் சாமானியமில்லை. 1992இல் பிரீமியர் லீக் தனியாகப் பிரிந்து போனதும் இரண்டாவது அடுக்குக்கு ‘முதல் டிவிஷன்’ என்று பெயர் வைத்தார்கள். 2004இல் அதையே ‘சாம்பியன்ஷிப்’ ஆக்கினார்கள். மூன்றாவது அடுக்குக்கு ‘லீக் ஒன்’, நான்காவதுக்கு ‘லீக் டூ’. ஆக, நாட்டின் சாம்பியன் யாரென்று சாம்பியன்ஷிப்பில் முடிவாகாது. லீக் ஒன்னில் முதலிடம் வந்தால் நாட்டில் நாற்பத்தைந்தாவது அணி. டெர்பி லீக் ஒன்னுக்குப் போகிறது என்று நாங்கள் அச்சிட்ட வாரம், ‘கடைசியில் நம் பையன்கள் முதல் லீக்குக்கு வந்துவிட்டார்கள், சந்தோஷம்’ என்று ஒரு பெரியவர் அஞ்சலட்டை போட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதி அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

சரி, பாக்கிக் கணக்குக்கு வருவோம். மெல் மாரிஸ் டெர்பி ஊர்க்காரர், சின்ன வயதிலிருந்தே அந்த அணியின் ரசிகர். கேண்டி கிரஷ் விளையாட்டை உருவாக்கிய கம்பெனியில் பணம் போட்டுப் பெரும் செல்வந்தரானவர். 2015இல் கிளப்பை வாங்கினார். எப்படியாவது பிரீமியர் லீக்குக்கு ஏறிவிட வேண்டும் என்ற ஆசை. 2019இல் பிளே-ஆஃப், அதாவது மேலே ஏறும் கடைசி இடத்துக்கான போட்டியில், இறுதி ஆட்டம் வரை போய் ஆஸ்டன் வில்லாவிடம் 2-1 என்று தோற்றார்கள். ஆசைக்கு வேண்டிய செலவு வரவைத் தாண்டியது. அங்கே அப்போது ஒரு விதி இருந்தது: மூன்று வருடத்துக்குச் சேர்த்து ஒரு கிளப்பின் நஷ்டம் 3.9 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது.

இதற்குள் அடங்க டெர்பி எழுதிய கணக்கைக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டக்காரரை 80 லட்சம் பவுண்டுக்கு வாங்கி நான்கு வருட ஒப்பந்தம் போட்டால், எல்லாக் கிளப்பும் வருடத்துக்கு 20 லட்சம் செலவு எழுதும். டெர்பியோ, ‘இவரைப் பிற்பாடு நல்ல விலைக்கு விற்கலாம்’ என்று ஒரு மதிப்பை மனக்கணக்காகப் போட்டு, முதல் வருடங்களில் கொஞ்சமாக எழுதி, பாரத்தைக் கடைசி வருடத்துக்குத் தள்ளியது. காகிதத்தில் நஷ்டம் சுருங்கியது. 2018இல் தங்கள் மைதானமான பிரைட் பார்க்கை மாரிஸின் இன்னொரு கம்பெனிக்கே 8.1 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். வலது பையிலிருந்து எடுத்து இடது பைக்குள் போடுவது. மைதான விற்பனையை விசாரணைக் குழு குற்றம் என்று சொல்லவில்லை. ஆட்டக்காரர் கணக்குதான் மேல்முறையீட்டில் மாட்டியது.

2021 செப்டம்பர் 22. கிளப் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது, உடனே 12 புள்ளி போயிற்று. வரி இலாகாவுக்கே 2.5 கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி. நவம்பர் 16 அன்று பழைய கணக்குக்காக இன்னும் 9 புள்ளி. களத்தில் 18 புள்ளி சம்பாதித்திருந்த அணி மைனஸ் 3இல் நின்றது. நவம்பர் பாதியில் பூஜ்யத்துக்கும் கீழே! ஐந்தே நாள் கழித்து, அந்த சீசன் முடிவில் இரண்டாமிடம் பிடித்து மேலே போன போர்ன்மத் வந்தது. டெர்பி 3-2 என்று ஜெயித்தது.

அந்த அணியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். காசு கொடுத்து ஆள் வாங்கத் தடை. தடுப்பு வரிசையில் 39 வயது ஃபில் ஜாகியெல்கா, பக்கத்தில் சீசன் முடிவதற்குள் 37ஐத் தொட்ட கர்டிஸ் டேவிஸ். அவர்களைச் சுற்றி கிளப்பின் அகாடமியிலிருந்து வந்த ஜேசன் நைட், மேக்ஸ் பேர்ட் போன்ற இளைஞர்கள். ஜனவரியில் ஜாகியெல்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கக்கூட வழியில்லாமல் அவர் ஸ்டோக்குக்குப் போனார். திவால் நிர்வாகிகள் அலுவலக ஊழியர்கள் சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்தக் கணக்கு நோட்டையும் தொட்டிராத ஜனங்கள் இவர்கள்.

ஜனவரி 30, பர்மிங்காமோடு ஆட்டம். கிளப்பைக் காப்பாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஊர்வலமாக மைதானத்துக்கு நடந்தார்கள். உள்ளே 32,000 பேருக்கு மேல். டெர்பி 0-2 என்று பின்தங்கியிருந்தது. 87ஆவது நிமிடம் லூக் பிளான்ஜ் ஒன்று போட்டார். 96ஆவது நிமிடம் கிறிஸ்டியான் பியெலிக் கோலுக்கு முதுகைக் காட்டி, அந்தரத்தில் மல்லாந்து உதைத்த பந்து வலைக்குள் போனது. விழுந்த வேகத்தில் அவருக்குத் தோள்பட்டை நழுவிவிட்டது. 2-2. ஒரே ஒரு புள்ளி. கடைசிப் பட்டியலில் அந்த ஒன்றுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் அந்தக் கோலை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள், அது கணக்கில்லாமல்.

ஏப்ரலில் புனித வெள்ளியன்று, அந்த வருடம் 106 கோல் போட்டு முதலிடம் வந்த ஃபுல்லத்தையே 2-1 என்று ஜெயித்தார்கள். மூன்று நாள் கழித்து லண்டனில் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். அதே நேரத்தில், தப்பிக்க டெர்பி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்த ரெடிங், வேறோர் ஆட்டத்தில் 1-4 என்று பின்தங்கிக் கிடந்து 4-4க்கு வந்துவிட்டது. அதோடு முடிந்தது, டெர்பியின் கீழிறக்கம் உறுதியாயிற்று. ரெடிங்குக்கும் அந்த வருடம் 6 புள்ளி கழித்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது தீர்க்க வேண்டிய கணக்கு. தண்டனையே கூடாது என்று நான் வாதாடுவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வைகாம்ப் என்ற கிளப்பை யாரும் மறக்கக் கூடாது. 2020-21தான் அவர்கள் சரித்திரத்திலேயே இரண்டாம் அடுக்கில் ஆடிய முதல் சீசன். டெர்பி 44, வைகாம்ப் 43. ஒரு புள்ளியில் வைகாம்ப் இறங்கியது. டெர்பியின் தண்டனை அந்த சீசனிலேயே வந்திருந்தால் வைகாம்ப் நின்றிருக்கும். வரவுக்குள் செலவு செய்தவன் இறங்கினான், அதிகம் செலவு செய்தவன் நின்றான். பிறகு தண்டனை வந்தபோது செலவு செய்தவர் போய்விட்டிருந்தார், உதைபட்டது வேறு ஆட்கள். இரண்டு வருடத்தில் இரண்டு ஊருக்கு அநியாயம்.

அதனால்தான் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சீசன் தொடங்கும் முன்பே ஒரு வருடச் சம்பளப் பணம் முழுவதையும் முதலாளி வங்கியில் கட்ட வேண்டும், கணக்கை அந்தந்த வருடமே பார்க்க வேண்டும். இதை முன்பு எழுதியபோது, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ‘அப்படியானால் கோடீஸ்வரர்கள்தான் கிளப் நடத்த முடியும்’ என்று மறுத்து எழுதினார். ஐயா, இப்போதும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். மனம் மாறி அவர்கள் நடுவழியில் பணத்தை நிறுத்திக்கொண்டால் சமையல்கார அம்மாவுக்கும் டிக்கெட் கிழிக்கும் பையனுக்கும் சம்பளம் வர வேண்டுமே, அதற்காகக் கேட்கிறேன். 2025இல் இங்கிலாந்தில் கால்பந்துக்கென்று தனி ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கச் சட்டம் வந்துவிட்டது. கிளப் நடத்த உரிமம், பணக் கண்காணிப்பு எல்லாம் அதில் உண்டு. என் யோசனையில் பாதியாவது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, மீதிக்காக எழுதிக்கொண்டே இருப்பேன்.

1888இல் லீக் தொடங்கியபோது இருந்த 12 கிளப்களில் டெர்பியும் ஒன்று. 1967இல் இதே இரண்டாம் அடுக்கில் கிடந்த அணியைப் பயிற்சியாளர் பிரையன் க்ளஃப் வந்து எடுத்து, 1969இல் மேலே ஏற்றி, 1972இல் நாட்டுக்கே சாம்பியன் ஆக்கினார். பிற்பாடு பரம வைரியான நாட்டிங்காம் ஃபாரஸ்டையும் அப்படியே தூக்கி நிறுத்தினார். இரண்டு ஊரையும் இணைக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர். இரண்டு ஊர்க்காரர்களும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் அதுவாகத்தான் இருக்கும். 2022 ஜூலையில் உள்ளூர்க் கட்டுமானத் தொழிலதிபர் ஒருவர், அவரும் ரசிகர், கிளப்பையும் மைதானத்தையும் சேர்த்து மீட்டார். 2024இல் டெர்பி மறுபடி இரண்டாம் அடுக்குக்கு ஏறியது.

ரூனியா? கிளப் திவாலான செய்தியைத் தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னவர் அவர். ஜனவரியில் அவருடைய பழைய கிளப்பான எவர்ட்டன் பயிற்சியாளர் வேலை குறித்துப் பேசக் கூப்பிட்டபோது போகாமல் இருந்துவிட்டார். சீசன் முழுவதும் நின்று, ஜூனில்தான் விலகினார். பிறகு பர்மிங்காமில் 15 ஆட்டத்தில் அவர் வேலை போனது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2021-22இல் நல்ல பயிற்சியாளரா என்று கேட்டால், ஆமாம். 55 புள்ளி.