மாலத்தீவின் முதன்மை விமான நிலையம் ஏன் தலைநகரில் இல்லாமல் தனித் தீவில் இருக்கிறது?

தீவு விமான நிலையம் என்றால், ஒரு தீவின் நிலம் பெரும்பாலும் ஓடுபாதைக்கும் முனையங்களுக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருப்பது. மாலத்தீவின் வேலானா பன்னாட்டு விமான நிலையம் அப்படித்தான் ஹுல்ஹுலே தீவில் அமைந்துள்ளது. காரணம் எளிது: தலைநகர் மாலே சுமார் 2 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்டது, நீண்ட ஓடுபாதைக்கு அங்கே இடமே கிடையாது.

1960-இல் இரும்புத் தகடுகளைப் பரப்பி அமைத்த பாதையில்தான் இங்கே முதல் விமானங்கள் இறங்கின. பொதுமக்களும் தன்னார்வலர்களாக உழைத்து உருவாக்கிய தார்ப்பாதை 1966-இல் திறக்கப்பட்டது. 1981-இல் பன்னாட்டு நிலையமாக உயர்ந்த இதற்கு, 2022-இல் 3,400 மீட்டர் நீளப் புதிய ஓடுபாதை கிடைத்தது.

இங்கே என்னை மிகவும் கவர்வது, ஓடுபாதைக்கு அருகிலேயே கடல்நீரில் இயங்கும் நீர்விமான நிலையம். ரயில் சந்திப்பின் வாசலில் ஷேர் ஆட்டோக்கள் காத்திருப்பதைப் போல, சக்கரங்களுக்குப் பதில் மிதவைகள் பொருத்திய சிறு விமானங்கள் வரிசையாக நின்று, பெரிய விமானங்களில் வந்தவர்களைத் தொலைதூரத் தீவுகளுக்கு ஏற்றிச் செல்கின்றன. விமானிகள் பலர் வெறுங்காலுடனேயே ஓட்டுவதையும் காணலாம். பகல் வெளிச்சத்தில் மட்டுமே இவை பறக்கும் என்பதால், இரவில் வந்திறங்குவோர் அருகிலேயே தங்க நேரிடும்.

மாலேக்குப் போகப் படகு மட்டுமே வழி என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். 2018-இல் திறக்கப்பட்ட சினமாலே பாலம் வழியாக டாக்சியிலோ பேருந்திலோ சில நிமிடங்களில் போய்விடலாம்.