கொங்கு நாட்டில் வறட்சி வந்தால் சாப்பாட்டுக்குக் கஷ்டம் வருமா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கேள்விக்குக் கீழே "கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் காசு புழங்கும் ஊர்கள்தானே?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எங்கள் பக்கம் வந்ததில்லை போல. நான் மூலனூர் பக்கத்துக்காரன். காங்கயம், வெள்ளகோயில், மூலனூர் சுற்று முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கிற காடு. (எங்கள் ஊரில் காடு என்றால் மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனம் இருந்தால்தான் அது தோட்டம்.) நல்ல வருஷத்திலேயே 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. வாய்க்கால் பாயும் கோபிக்காரரும் நாங்களும் ஒரே மாதிரி 'ங்க' போட்டுப் பேசுவோம், அவ்வளவுதான் ஒற்றுமை.

நான் பார்த்தது 2016-17. அந்த வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அறிவிக்கும் முன்பே எங்கள் கிணறு தரை தட்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு வண்டியைக் கூப்பிட்டு ஆயிரம் அடி ஓட்டினார்கள். விடிய விடிய மண்ணுப் புகைதான் வந்தது.

பட்டினி கிடந்தோமா என்றால், இல்லை. அரிசி இருந்தது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி காசில்லாமல் கிடைக்கிறது. அது மட்டும் இல்லாவிட்டால் இந்தப் பதிலையே வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் சோற்றைத் தவிர மற்றதெல்லாம் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.

முதலில் போனது கீரை. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் யாரும் விதைத்து வருவதில்லை. மழை பெய்தால் சோளத்துக்கு நடுவே தானாக முளைக்கும், களை வெட்டப் போகிறவர்கள் மடியில் பறித்துக்கொண்டு வருவார்கள். இல்லாதவர்கள் வீட்டுக் குழம்பே அதுதான். மழை இல்லையென்றால் களையும் இல்லை, கீரையும் இல்லை, களை வெட்டும் கூலியும் இல்லை. வறட்சிக் கணக்கெடுக்க வருகிறவர்கள் பயிரைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். களையை யார் எழுதுவார்கள்? சோளத்தோடு கலந்து விதைக்கிற தட்டைப்பயறு, அவரையும் அந்த வருஷம் இல்லை. எதற்கும் அசையாத கொள்ளே கருகியது. முருங்கை மட்டும் நின்றது. ஆறு மாதம் முருங்கைக்கீரை தின்று, இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் எழுந்து போய்விடுவேன்.

அடுத்து பால். எங்களிடம் மூன்று மாடு இருந்தன. வழக்கமாக ஒரு வருஷத்துக்குத் தாங்குகிற சோளத்தட்டுப் போர் (காய்ந்த சோளத்தாள் குவியல்) கார்த்திகையிலேயே தீர்ந்துவிட்டது. வழக்கமாகத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து லாரியில் வைக்கோல் வரும். அந்த வருஷம் அங்கேயும் சம்பா போயிற்று. வந்த கொஞ்சத்துக்குச் சொன்னதுதான் விலை. மானியத் தீவனம் கிலோ 2 ரூபாய் என்று மாட்டுக்கு நாளைக்கு 3 கிலோ கொடுத்தார்கள். கறவை மாட்டுக்கு அது பாதி வயிறு. நான் சைக்கிளில் போய்ப் பனையோலையும், காய்ந்த தென்னை மட்டையும், வேலங்காயும் பொறுக்கிக்கொண்டு வருவேன். தை மாதம் ஒருநாள் அம்மா மாட்டைத் தடவிக்கொண்டே, "இன்னொரு மாசம் போனா எந்திரிச்சு நிக்காது கண்ணு, நடக்கறப்பவே குடுத்தர்லாம்" என்றார். சந்தையில் எங்களைப் போல நூறு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் விற்க வந்திருந்தால் யார் வாங்குவது? முந்தைய ஆடியில் கேட்ட விலையில் பாதிக்கும் கீழே இரண்டை விட்டுவிட்டு வந்தோம். மறுநாளிலிருந்து வரக்காப்பி. மோரும் போயிற்று. மோர் இல்லாத கொங்கு வீட்டில் மத்தியானச் சோறு எப்படி இறங்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் நிலம் வைத்திருந்த எங்கள் கதை. எங்கள் காட்டுக்குக் களை வெட்ட வருகிற ஓர் அக்கா அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அரிசி கெடக்குதுங்க தம்பி, ஊத்திக்கத்தான் ஒன்னுமில்லீங்க." அவருக்கு இருந்த ஐந்து ஆட்டையும் மார்கழியிலேயே விற்றுவிட்டார். நூறு நாள் வேலைக்கு அந்த வருஷக் கூலி 203 ரூபாய், அதுவும் கணக்கில் ஏற வாரக்கணக்காகும். அதுவரை கடையில் பருப்பும் எண்ணெயும் கடன். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டை தின்றன. மற்றவர்கள் முழுப் பரீட்சை லீவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் அந்த லீவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்.

"பழையபடி கம்பும் சோளமும் தின்றால் தப்பித்திருக்கலாமே" என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சோளம் குறைந்த தண்ணீரில் வரும்தான், ஆனால் முளைக்க ஒரு மழையாவது வேண்டுமே! எங்கள் பக்கம் சோளம் போடுவதே இப்போது பெரும்பாலும் மாட்டுக்குத் தட்டுக்காகத்தான். கம்பும் சோளமும் மட்டுமே தின்ற காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சமும் வந்தது, 1876 முதல் 1878 வரை. 1862-லேயே போத்தனூருக்கு ரயில் வந்துவிட்டது. தானியம் கொண்டுவர வழி இருந்தது, வாங்கக் கையில் காசு இல்லை. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். 1871 மக்கள்தொகைக் கணக்கைவிட 1881 கணக்கில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். எங்கள் ஆத்தா (பாட்டி), யாராவது சோற்றை அள்ளி அள்ளித் தின்றால் "தாது வருசத்துல பொறந்தவனாட்டத் திங்கறயே" என்பார். அவர் பிறக்கவே ஐம்பது வருஷம் முன்னால் நடந்த பஞ்சம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் பெரிய ஓலம் கேட்காததற்கு ரேஷன் பாதிக் காரணம் என்றால், திருப்பூர் மீதிப் பாதி. விடியற்காலை நாலரைக்கு மில் பஸ் ஊருக்குள்ளேயே வரும். அந்த வருஷம் அதில் ஏறியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் செக்கிங் டேபிளில் நின்று பனியன் மடித்தார். ஏற முடியாத கிழவிகள் 1000 ரூபாய் உதவித்தொகையையும் ரேஷன் அரிசியையும் வைத்துக்கொண்டு புளித்தண்ணி ரசம் வைத்தார்கள். கஷ்டத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் அந்த வீட்டுச் சட்டியைத்தான் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

2017 ஆவணி கடைசியில் மழை பிடித்தது. பத்தாம் நாள் அந்த அக்கா எங்கள் காட்டில் குனிந்து பண்ணைக்கீரை பறித்துக்கொண்டிருந்தார். பாதியை எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். விற்ற மாடுகளுக்குப் பதில் நாங்கள் இன்னும் வாங்கவில்லை. அம்மா பாக்கெட் பாலில் உறை ஊற்றுகிறார், அது சரியாகத் தோய்வதே இல்லை.