பதில்: ரியாலிட்டி நிகழ்ச்சிக்குக் கப்பலைக் கொடுக்கலாமா?

படக்குழுவுக்கு அறைகளை இலவசமாகக் கொடுத்தால் உங்கள் சின்னக் கப்பல் நிறுவனத்துக்கு விளம்பரம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். விளம்பரம் கிடைக்கும், யாருக்கு என்பதுதான் கேள்வி.

1998இல் பிபிசி ஒளிபரப்பிய 'தி குரூஸ்' தொடர், செலிபிரிட்டி குரூசஸ் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனத்தின் கேலக்ஸி கப்பலில் எடுக்கப்பட்டது. அதில் வந்த பாடகி ஜேன் மெக்டொனால்ட் பிரிட்டன் முழுக்கப் பிரபலமானார். அந்த ஆண்டே அவருடைய ஆல்பம் அங்கே முதலிடம் பிடித்தது. கப்பலின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

சொகுசுப் படகு ஊழியர்களைப் பற்றிய அமெரிக்க ரியாலிட்டி தொடர் 'பிலோ டெக்' இன்னும் மோசம். 2013இல் வந்த முதல் சீசனில் 'ஆனர்' என்று காட்டிய சொகுசுப் படகின் நிஜப் பெயர் 'குவோர் டி லியோனே'. கூகுளில் தேடுகிறவர் எங்கே போய் நிற்பார்!

அதனால் கப்பலின் உண்மைப் பெயர் திரையில் வர வேண்டும் என்று முதலில் எழுதி வாங்குங்கள். எடிட்டிங்கில் தலையிட பெரும்பாலும் விடமாட்டார்கள், அதற்குச் சண்டை போடாதீர்கள். பாதுகாப்பு பற்றிய தவறுகளைத் திருத்தும் உரிமையை மட்டும் விடவே வேண்டாம். அப்புறம், படப்பிடிப்பு இருக்கிறது என்று பயணிகளிடம் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். கேமராவைப் பார்த்துக் கத்தும் பயணிதான் அவர்களுக்கு நல்ல தீனி.