மறுமொழி: நகரத்துக் குழந்தைகள் கிராமத்தைவிட நலமா?

வணக்கம். உங்கள் ஆய்வேட்டுத் தரவில் நகரத்துக் குழந்தைகள் நலமாகத் தெரிகிறார்கள், ஆனால் நீங்கள் போய்வரும் குடிசைப் பகுதியில் பார்ப்பது வேறு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கண் பொய் சொல்லவில்லை. நகரம் முழுவதையும் ஒரே எண்ணாக்குவதில்தான் சிக்கல்.

கென்யத் தலைநகர் நைரோபியில் இதேதான் நடந்தது. 1998 கென்ய தேசியக் கணக்கெடுப்பில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறந்தவர்கள் நைரோபியில் சுமார் 62, கிராமங்களில் 110-ஐ ஒட்டி. 2000-இல் ஆப்பிரிக்க மக்கள்தொகை, சுகாதார ஆய்வு மையம் குடிசைப் பகுதிகளை மட்டும் தனியாக எடுத்து எண்ணியது. வந்த எண் சுமார் 150! கிராமத்தைவிட மோசம். அத்தனை பிஞ்சுகளின் சாவும் அந்த 62-க்குள் மறைந்து கிடந்தது. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அப்புறம், ஒருமுறை எண்ணிவிட்டு நிறுத்தாதீர்கள். குடிசைவாசிகள் அடிக்கடி வீடு மாறுவார்கள். அதனால்தான் கொரொகோச்சோ, விவாண்டானி என்ற இரு பகுதிகளில் அந்த மையம் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு எல்லாவற்றையும் பதிந்தது. மருத்துவச் சான்று இல்லாத சாவுகளுக்கு, வீட்டாரிடம் நோயின் அறிகுறிகளைக் கேட்டுக் காரணத்தைக் கணித்தார்கள். கேள்வி கேட்பவருக்குப் பொறுமை வேண்டும், துக்க வீடு அது.

உங்களுக்கு நேரம் குறைவு என்றால், இந்தியாவின் 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துப் பாருங்கள். சென்னை உட்பட எட்டு நகரங்களுக்குக் குடிசைப் பகுதி, மற்ற பகுதி என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். பழைய தரவுதான், ஆனாலும் ஆய்வு வழிகாட்டியிடம் காட்டிப் பேச அது போதும்.