கொழும்பு மாவட்டச் சனத்தொகை 1981இல் ஏன் குறைகிறது?

குடிசன மதிப்பீட்டில் (சனத்தொகைக் கணக்கெடுப்பில்) 1971இல் 26.7 இலட்சமாக இருந்த கொழும்பு மாவட்டம் 1981இல் 17 இலட்சமாகிவிட்டதே, தட்டச்சுப் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையில்லை. 1978இல் கம்பஹா தனி மாவட்டமாகப் பிரிந்தது, அதன் 1981 சனத்தொகையான 13.9 இலட்சத்தைச் சேர்த்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 31 இலட்சம். சனத்தொகை கூடித்தான் இருக்கிறது.

எக்செலில் புதிதாக ஒரு நிரல் போட்டு மாவட்டக் குறியீடுகளான 11 (கொழும்பு), 12 (கம்பஹா) இரண்டுக்கும் ஒரே அடையாளம் கொடுத்துக் கூட்டுங்கள். வெவ்வேறு ஆண்டு அட்டவணைகளை மாவட்டப் பெயரை வைத்து இணைக்கவே வேண்டாம். ஒரு இடைவெளி கூடினாலும் பொருந்தாது. யாழ்ப்பாணத்துக்கும் இதே கவனம் தேவை: கிளிநொச்சி பிரிந்தது 1984இல். 2001ஐ நாடு முழுவதற்கும் எடுக்காதீர்கள், அந்த ஆண்டுக் குடிசன மதிப்பீடு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது.