பெங்களூரில் இருக்கிறேன், இதுவரை பீர் மட்டும்தான். ஸ்காட்ச் விஸ்கியை எதிலிருந்து ஆரம்பிப்பது? உங்களுக்குப் பிடித்தது எது?

முதலில் ஒன்று: பாட்டில் வாங்காதீர்கள். 'சிங்கிள் மால்ட்தான் ஒரிஜினல், மத்ததெல்லாம் தண்ணி' என்று ஆபீஸில் யாராவது ஏற்றிவிட்டிருப்பார்கள் (ஒரே ஆலையில், மால்ட் என்கிற முளைவிட்ட பார்லியிலிருந்து மட்டும் காய்ச்சியது சிங்கிள் மால்ட்). அதை நம்பிச் சம்பளம் வந்த வாரமே ஒரு ஃபுல் வாங்கிவந்து, முதல் மடக்கிலேயே முகம் கோணி, மிச்சத்தை வருகிற போகிற நண்பர்களுக்குக் கோக் ஊற்றிக் கொடுத்துத் தீர்க்கிற வீடுகள் மாரத்தஹள்ளியிலும் பிடிஎம்மிலும் ஏராளம். பீருக்குப் பழகிய நாக்குக்கு 40 சதவீத ஆல்கஹால் எரிச்சலாகத்தான் தெரியும். அந்த எரிச்சலைத் தாண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பிடிபட வேண்டுமானால் பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று வேண்டும். அதனால் எப்போதும் இரண்டு கிளாஸ், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்மால், இரண்டும் ஒரே நேரத்தில் மேஜையில். என் பதில் மொத்தமும் இதைச் சுற்றித்தான்.

இந்திராநகர், சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் கொஞ்சம் நல்ல பாராகப் பார்த்து, கூட்டமும் பாட்டுச் சத்தமும் ஏறுவதற்கு முன்பே போய் உட்காருங்கள். 30 மில்லிக்கு விலை போட்டிருப்பார்கள். பரிமாறுகிறவர் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக்காரராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, தமிழிலேயே சொல்லலாம்: "அண்ணே, ரெண்டு ஸ்மால், தனித்தனி கிளாஸ், ஐஸ் வேணாம், தண்ணி மட்டும் பக்கத்துல வைங்க." அவர் உங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு "சோடாவும் வேணாமா சார்?" என்பார். வேணாம். எதில் எது ஊற்றியது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கேரமல் நிறமி சேர்க்க ஸ்காட்ச் சட்டத்திலேயே அனுமதி இருக்கிறது, ஆகவே கருஞ்சிவப்பாக இருந்தால் பழையது, நல்லது என்று நினைப்பதெல்லாம் வீண்.

கிளாஸுக்குள் மூக்கை விட்டு இழுக்காதீர்கள், நெடி ஏறி மூக்கு மரத்துப்போகும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கிளாஸை மூக்குக்குக் கொஞ்சம் கீழே பிடித்து, இதை ஒரு தரம் அதை ஒரு தரம் மோந்து பாருங்கள். அவசரமே வேண்டாம். அப்புறம் ஒரு சின்ன வாய், உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விட்டு. அதற்குப் பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடியும் முதலிலிருந்து. தண்ணீர் விட்டால் வாசனை மாறுவது பிரமை இல்லை. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதைக் கணினியில் மாதிரி செய்து பார்த்தார்கள். புகை வாசனை தருகிற குவையகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் அளவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறதாம், அதாவது மூக்குக்குப் பக்கத்தில். ஆகவே ராவாக அடிக்கிறவன்தான் ஆம்பளை என்கிற பேச்சைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

முதல் ஜோடியாக நான் எல்லோருக்கும் சொல்வது ஜானி வாக்கர் பிளாக் லேபிளும் சிவாஸ் ரீகல் 12-உம். இரண்டும் பிளெண்ட், அதாவது பல ஆலைகளின் மால்ட் விஸ்கியும் மற்ற தானிய விஸ்கியும் கலந்தது. இரண்டிலும் 12 என்று போட்டிருக்கும் (உள்ளே இருப்பவற்றில் ஆகக் குறைந்த வயதுடைய விஸ்கிக்குப் பன்னிரண்டு வருஷம் என்று அர்த்தம், அதைவிட மூத்ததும் கலந்திருக்கலாம்). விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருந்தும் சிவாஸ் இனிப்பாக, வழவழவென்று போகும். பிளாக் லேபிளில் அந்த இனிப்புக்குப் பின்னால், விறகடுப்பில் வடித்த சோற்றில் லேசாக ஏறியிருக்குமே, அந்த மாதிரி ஒரு புகை வந்துவிட்டுப் போகும். சிவாஸின் அடித்தளம் ஸ்பேசைடு பகுதியின் ஸ்ட்ராத்ஐலா மால்ட். பிளாக் லேபிளில் ஐலா தீவில் இருக்கிற 'கால் ஐலா' (Caol Ila) என்ற ஆலையின் மால்ட் கலக்கிறார்கள், புகை அதிலிருந்து வருவது. இந்தப் புகை உங்களுக்குப் பிடிக்கிறதா, உறுத்துகிறதா? அது ஒன்று தெரிந்துவிட்டால் ஸ்காட்ச் வரைபடத்தில் பாதி உங்கள் கைக்கு வந்துவிட்டது. ஹைலேண்ட், லோலேண்ட், கேம்பல்டவுன் என்று பகுதி பகுதியாக மனப்பாடம் செய்வதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், செய்யாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

கையில் காசு குறைவென்றால் பிளாக் லேபிளுக்குப் பதில் டீச்சர்ஸ். அதற்குள் ஆர்ட்மோர் என்ற புகையூட்டிய மால்ட் இருக்கிறது, குவார்ட்டரிலும் கிடைக்கும். இங்கே எம்ஆர்பி கடையில் (அச்சிட்ட விலைக்குப் பாட்டில் விற்கிற மதுக்கடை) நம் பட்ஜெட்டுக்குள் அடங்குகிற ஸ்காட்ச்கள் பெரும்பாலும் பீப்பாய் கணக்கில் வந்து இந்தியாவில் பாட்டிலில் அடைத்தவை. அதனால் அது போலி ஆகிவிடாது, ஸ்காட்லாந்தில் காய்ச்சி அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடந்த சரக்குதான். ஆனால் சிங்கிள் மால்ட்டுக்கு அந்த வழி கிடையாது. 2012-லிருந்து அதை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும், இறக்குமதி வரியும் மாநில வரியும் முழுசாக அதன் தலையில் விழுகிறது. விலை வித்தியாசத்தைப் பார்த்து 'அவ்வளவு தரமா' என்று மலைத்துப்போகாதீர்கள், அதில் பெரும் பங்கு வரி. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி 150 சதவீதமாக இருந்த சுங்க வரி 75-ஆகவும், பத்து வருஷத்தில் 40-ஆகவும் இறங்க வேண்டும். மாநில வரி என்னவோ அவரவர் இஷ்டம்.

அடுத்த ஜோடி பீப்பாய்க்காக. அமெரிக்காவில் பர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு தரமும் உள்ளே கருக்கிய புதுப் பீப்பாய்தான் என்று சட்டம். ஒரு தரம் பயன்படுத்தியதை அவர்கள் தள்ளிவிட, ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வனிலா, தேங்காய், தேன் வாசனையெல்லாம் அதிலிருந்து வருவது. ஸ்பெயின் ஷெர்ரி ஒயினால் பதப்படுத்திய பீப்பாய் என்றால் உலர் திராட்சை, பேரீச்சை, கிராம்புப் பக்கம் போகும். கிளென்லிவெட் 12 ஒரு கிளாஸ், மக்காலன் ஷெர்ரி ஓக் 12 அல்லது கிளென்ட்ரோனக் 12 இன்னொரு கிளாஸ் என்று வைத்துப் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. மக்காலனுக்குப் பெயருக்காக ஒரு தொகை கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது என் எண்ணம், கிளென்ட்ரோனக் கிடைத்தால் அதையே எடுங்கள். கிளென்ஃபிடிக் 15 இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பல வகைப் பீப்பாய்ச் சரக்கை ஒரு பெரிய மரத் தொட்டியில் கலந்து, அந்தத் தொட்டியைப் பாதிக்குக் கீழே இறங்கவே விடாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டிருப்பார்கள். முதல்முறை சிங்கிள் மால்ட் குடிக்கிறவர்களில் இதை வேண்டாம் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஜோடியில்தான் சண்டை வரும். டாலிஸ்கர் 10, லாஃப்ராய்க் 10. ஒருநாள் எங்கள் வீட்டில் நண்பர்கள் கூடியபோது இரண்டையும் பேர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். டாலிஸ்கர் ஸ்கை தீவின் சரக்கு, 45.8 சதவீதம், புகையோடு கொஞ்சம் கடல் உப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகு காரம். நாகர்கோவில் நண்பன் அதை ஒன்றும் சொல்லாமல் குடித்தான். லாஃப்ராய்க்கை மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், "லேய், இதென்ன டிங்சர் மணக்கு, காயத்துக்குப் போடுகதா?" என்று கிளாஸை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டான். அதே கிளாஸை எடுத்து மோந்த ஈரோட்டுத் தோழி ஒரு வாய் குடித்தாள், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "இது எனக்கு, டாலிஸ்கரை நீங்க பிரிச்சுக்கோங்க" என்று மடியோடு வைத்துக்கொண்டாள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஐலா தீவில் மரம் குறைவு, மக்கிய தாவரங்கள் படிந்த பீட் என்ற கரிமண்தான் எரிபொருள். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஃபீனால்கள் தானியத்தில் ஏறிக்கொள்கின்றன. டிங்சர், டெட்டால் என்றெல்லாம் நமக்குத் தோன்றுவது அந்த ஃபீனால் வாசனை. இங்கிலாந்தின் சார்லஸ் இளவரசராக இருந்தபோது 1994-இல் இதே லாஃப்ராய்க்குக்கு அரச முத்திரை கொடுத்தார் என்று சொன்னேன். "அவரே குடிக்கட்டும்" என்று நாகர்கோவிலிலிருந்து பதில் வந்தது.

இனி என் விருப்பங்கள். முதலிடம் டாலிஸ்கர் 10, யோசிக்காமல் சொல்வேன். இனிப்பு, உப்பு, புகை, காரம் நான்கும் ஒரே வாயில் வருகிறது, எதுவும் எதையும் அமுக்குவதில்லை. இரண்டாவது லாகவூலின் 16. லாஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் மூன்று டிஸ்டில்லரியும் ஐலாவின் தென்கரையில் ஐந்து கிலோமீட்டருக்குள் வரிசையாக நிற்கின்றன, மூன்றும் புகைதான், ஆனாலும் மூன்றும் மூன்று குணம். லாஃப்ராய்க் மருந்து, ஆர்ட்பெக் 10 கரியும் எலுமிச்சையுமாகக் கூர்மை, லாகவூலின் நிதானம். 16 வருஷத்தில் புகையின் முனை மழுங்கி இனிப்போடு கலந்துவிட்டிருக்கிறது. விலை மட்டும் நிதானமாக இல்லை. மூன்றாவது பிளாக் லேபிள்தான், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கொடுக்கிற காசுக்கு அதைவிட ஒழுங்கான ஸ்காட்ச் எம்ஆர்பி கடை அலமாரியில் இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து போகிற பாட்டில்களில் பெரும்பாலானவை பிளெண்ட்தான், உலகம் முழுக்க முட்டாள்களா என்ன. எனக்கு ஒட்டாதது ஜானி வாக்கர் ரெட் லேபிள்; சோடாவோடு போகும், தனியாக உட்கார வைத்தால் தாங்காது. கிளென்ஃபிடிக் 12-இன் பேரிக்காய் வாசனை பலருக்குப் பிடிக்கும், எனக்கு அது பாதியிலேயே அலுத்துவிடுகிறது.

ஸ்காட்ச் கேட்டவரிடம் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் பெங்களூரில் இருந்துகொண்டு அம்ருத் ஃபியூஷனை விடலாமா? மைசூர் ரோட்டில் காய்ச்சுகிறார்கள். இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியும் சேர்த்தது, 50 சதவீதம், தண்ணீர் இல்லாமல் தொடாதீர்கள். இவர்கள் தங்கள் சிங்கிள் மால்ட்டை 2004-இல் முதலில் கொண்டுபோய் விற்ற ஊர் கிளாஸ்கோ! திருநெல்வேலியில் போய் அல்வா விற்கிற தைரியம். ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகிறது, இங்கே அது 10-ஐத் தாண்டும். அங்கே பன்னிரண்டு வருஷம் வைப்பதுபோல் இங்கே வைத்தால் பீப்பாயில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வெயிலில் மரமும் சரக்கும் வேகமாக வேலை செய்வதால் நாலைந்து வருஷத்திலேயே பதம் வந்துவிடுகிறது. பாட்டிலில் போட்ட வயதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

சைட் டிஷ் விஷயத்தில் நம் ஆட்கள் சொன்னால் கேட்பதில்லை. சில்லி சிக்கனும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிட்ட நாக்கில் லாகவூலினும் ஒன்றுதான், லோக்கல் பிராந்தியும் ஒன்றுதான். உப்பு போடாத வறுத்த கடலை, கொஞ்சம் சீஸ், முந்திரி போதும். காரமெல்லாம் குடித்து முடித்த பிறகு சாப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி, அதற்கு மேல் மூக்கு பொய் சொல்ல ஆரம்பிக்கும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள்.

பாட்டில் வாங்குகிற கட்டம் வந்ததும் வெளிநாடு போய்வருகிற சகாக்களைப் பிடியுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் வரை டியூட்டி ஃப்ரீயில் கொண்டுவரலாம், சிங்கிள் மால்ட்டுக்கு அந்த வழிதான் கட்டுப்படியாகும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மாமாவுக்கென்று ஒன்றைப் பையில் சொருகுகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் வெளி மாநிலச் சரக்கோடு அத்திப்பள்ளி தாண்டி மாட்டிக்கொண்டால் மாமாவே ஜாமீனுக்கு வர வேண்டியிருக்கும். புகை பிடித்திருந்தால் முதல் பாட்டில் டாலிஸ்கர், பிடிக்காவிட்டால் கிளென்ஃபிடிக் 15. ஜானி வாக்கர் ப்ளூ லேபிளை யாராவது வாங்கிக் கொடுத்தால் சந்தோஷமாகக் குடியுங்கள், அருமையாக இருக்கும். சொந்தக் காசு என்றால் அந்த விலைக்கு டாலிஸ்கரும் லாகவூலினும் சேர்த்து வாங்கி, மிச்சத்தில் நண்பர்களுக்கு பிரியாணியும் போடலாம்.