கட்டில் தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே: முதியோர் மூச்சடைப்பு மரணங்கள் பற்றித் தடயவியல் மருத்துவரிடம் கேள்வி பதில்

தோ பாயோ வாசகி: முதுமை மறதிநோய் இருந்த என் மாமியார், கட்டிலின் பக்கத் தடுப்புக்கும் மெத்தைக்கும் இடையில் சிக்கியபடி இறந்துகிடந்தார். பதற்றத்தில் அவரைத் தூக்கிப் படுக்கவைத்து முகத்தையும் துடைத்துவிட்டோம். தவறிழைத்துவிட்டோமா, ஐயா?

பதில்: இல்லை அம்மா. உயிர் இருக்குமோ என்ற எண்ணம் இருக்கும்வரை விடுவித்துக் கிடத்தி, ஆம்புலன்சுக்கு 995ஐ அழைப்பதே முறை. ஆனால் தலை எந்தப் பக்கம் இருந்தது, கழுத்து எதில் அழுந்தியிருந்தது, கடைசியாக அவரை எப்போது பார்த்தீர்கள் என்பவற்றையும், துடைத்ததையும், காவல்துறை அதிகாரியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கட்டிலையும் மெத்தையையும் அப்படியே விட்டுவைத்திருந்தால் மிகவும் நல்லது. மோவாய் மார்பில் முட்டும்படி கழுத்து மடங்கினால் மூச்சுவழி அடைபடும். தலை கீழாகத் தொங்கினால் வயிற்று உறுப்புகள், மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானத்தை அழுத்தும். திடகாத்திரமானவர் புரண்டு எழுந்துவிடுவார். பக்கவாதமோ பார்கின்சன் நோயோ தூக்க மாத்திரையின் மயக்கமோ உள்ளவரால் அது முடியாமற்போகலாம். இவ்வகை மரணத்தில் உடலைவிட அது கிடந்த இடமே எங்களுக்கு அதிகம் சொல்கிறது.

ஈசூன் வாசகர்: பிரேதப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடாதா?

பதில்: பெரும்பாலும் தெரியாது. கண்ணிமைக்குள் குண்டூசி முனையளவு இரத்தப் புள்ளிகள், நீலம்பாரித்த முகம், நுரையீரலில் நீர்க்கோப்பு ஆகிய மூன்றும் இதயம் செயலிழந்தவரிடமும் காணப்படலாம். ஆகவே மூச்சைத் தடுக்கும் நிலையில் அவர் கிடந்தார், தானாக மீள முடியாத காரணம் இருந்தது, மரணத்தை விளக்கும் வேறு நோயோ நஞ்சோ காயமோ இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் முடிவுக்கு வருகிறோம். நான் விடாமல் தேடும் தடயம் ஒன்று உண்டு. இறந்தபின் இரத்தம் தாழ்ந்த பகுதிகளில் தேங்கிச் செந்நீலக் கறையாகப் படியும். கட்டில் தடுப்பின் கம்பி அழுந்திய இடத்தில் மட்டும் கறை படராமல் வெளுத்த கோடு நிற்கும். அந்தக் கோட்டின் அகலத்தைக் கம்பியின் அகலத்தோடு ஒப்பிட்டு அளப்பேன்.

பொங்கோல் வாசகி: எங்கள் பணிப்பெண்மீது பழி விழுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு மரண விசாரணை அதிகாரிகள் சட்டத்தின்படி, இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பதை மரண விசாரணை அதிகாரி கண்டறிகிறார்; எவர்மீதும் குற்றப் பொறுப்பையோ இழப்பீட்டுப் பொறுப்பையோ சுமத்துவது அவ்விசாரணையின் வேலையன்று. இரவில் எத்தனை மணிக்கு முதியவரைப் பார்த்தார் என்பதைப் பணிப்பெண் பயமின்றிச் சொல்லும்படி, தயவுசெய்து அருகில் அமர்ந்து தைரியம் கூறுங்கள்.

ஜூரோங் வாசகர்: அப்படியானால் தடுப்பை அகற்றிவிடலாமா?

பதில்: முதியவரின் நிலையை அறிந்த தாதியிடம் கேட்டு முடிவெடுங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 1985 முதல் 2009 தொடக்கம் வரை கட்டில் தடுப்பில் சிக்கியது பற்றி வந்த 803 புகார்களில் 480 பேர் இறந்திருந்தனர். தலை நுழையாதபடி, தடுப்புக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளி 120 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கவேண்டுமென்று அந்நிர்வாகம் 2006இல் பரிந்துரைத்தது. காற்று மெத்தை போட்டால் மறுபடியும் அளந்துபாருங்கள்; ஆள் ஓரத்துக்கு நகர்ந்ததும் அது அமுங்கி, இடைவெளி பெரிதாகிவிடும்.